விட்டுப்போன வருடத்தில் படித்தவள்

வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஓர் இடத்தில் உட்காராதவள் என்பதால் அத்தை வைத்த பெயர் அது. அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு ஒரு வருடம் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றால், அதற்குக் காரணம் கால்நடை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. முதல் தடவை எழுதியபோது மயிரிழையில் தவறிப்போனது. ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தின் காத்திருப்போர் வரிசையில் அவள்தான் முதல் ஆள். சேர்ந்தவர்களில் யாராவது ஒருவர் வேண்டாம் என்று விலகினால் அந்த இடம் அவளுக்கு. கடைசித் தேதி வரைக்கும் யாரும் விலகவில்லை.

"இத்தனை பேர்ல ஒருத்தனுக்குக்கூடவா மனசு மாறல?" என்று அத்தை அங்கலாய்த்தாள். அன்றைக்கு வீட்டில் சிரிப்பு வந்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வருடக்கணக்கில் அதை மிதித்துப் பழகியதால், வீட்டில் யாராவது படபடவென்று பேசினாலும் அவருடைய வலது கால் தன்னாலேயே தரையை அழுத்தும். அம்மா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். நகக்கண்ணில் வெள்ளைத் தூளோடுதான் வீடு திரும்புவாள். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடியைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை.

பம்பரம் படிப்பதற்காகத் தையல் மிஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, அந்த மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் தண்ணீர்க் குழாய்களும்தான் தெரியும். காலையில் பயிற்சி வகுப்பு, மத்தியானம் முழுக்க இந்த மேசை. பசுவின் நான்கு அறை வயிற்றை வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது அது ஆரம்பித்தது. மத்தியானத்தில் புத்தகம் திறந்தபடி இருக்க, பம்பரத்துக்குக் கண் லேசாகச் செருகும். தூக்கம் என்றும் சொல்ல முடியாது. விழித்துப் பார்த்தால் பக்கம் அப்படியே இருக்கும், கன்னத்தில் மேசையின் தடம் பதிந்திருக்கும். ஆனால் கையிலிருந்து ஒரு வாடை வரும்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கடி போயிட்டு வந்த?"

"எங்கயும் போகலம்மா. காலையில இருந்து இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

"உன் மேல மாட்டு வாடை அடிக்குது. மருந்து வாடையும் சேர்ந்து அடிக்குது."

அப்பா கிட்டே வந்து மோந்து பார்த்தார். "எனக்கு பெட்ரோல் வாடைதான் வருது" என்றார்.

"அது உங்க சட்டையில இருந்து வர்றது" என்றாள் அம்மா. பேச்சு சிரிப்பாகிக் கலைந்துவிட்டது. ஆனால் அம்மா அன்றைக்கு மகளின் துண்டையும் தலையணை உறையையும் தனியாக எடுத்துத் துவைத்தாள்.

பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். கன்று வயிற்றில் எப்படித் திரும்பியிருந்தால் பிரசவம் சிக்கலாகும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. வேண்டுமென்றே கடினமாகக் கேட்டது, யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைத்துக் கேட்டது. பம்பரம் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். விடைத்தாளைக் கொடுக்கும்போது ஆசிரியர் அவளை நிறுத்தினார்.

"இதை எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"ஞாபகம் இல்ல சார்."

"இது கல்லூரியில போய்ப் படிக்கிற பாடம். அதுவும், முன்னங்கால் மடங்கியிருந்தா குளம்பை உள்ளங்கையால மூடிப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா பசுவோட கருப்பை கிழிஞ்சிடும்னு எழுதியிருக்க. செஞ்சு பார்த்தவங்க எழுதுற மாதிரி இருக்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். எந்தப் புத்தகத்திலும் அவள் அதைப் படிக்கவில்லை. எழுதும்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது எழுத்துகள் அல்ல, முழங்கை வரைக்கும் ஏறிய ஒரு வெதுவெதுப்பு. தெருவில் நடந்து வரும்போது வலது கையை மடக்கி வைத்துக்கொண்டே நடந்தாள். யாருடைய கையையோ தூக்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

அம்மாவிடம் சொன்னாள். "விடாம படிச்சா அப்படித்தான் இருக்கும். எனக்கும் கண்ணை மூடினா லென்ஸா சுத்தும்" என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரிடமும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? படிக்காத பாடம் தெரிகிறது என்று எந்தப் பிள்ளையாவது குறைப்பட்டுக்கொள்ளுமா?

தேர்வும் வந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் அவளுக்கு அரை அடி முன்னால் யாரோ நடந்து போவதுபோல இருந்தது. பின்னாலேயே போனாள், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வெளியானது. அப்பா போனில் பார்த்துவிட்டு, நம்பாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எந்தப் பல்கலைக்கழகத்தில் வேண்டுமானாலும் சேரலாம். அவ்வளவு நல்ல மதிப்பெண்.

வீடே கூத்தாடியது. ஆனால் பம்பரத்துக்கு அந்த மகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு விசித்திரமான அமைதி தட்டுப்பட்டது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் நம் காதில் விழாது. அது சட்டென்று நிற்கும்போதுதான் இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது என்று தெரியும். அப்படி ஏதோ ஒன்று நின்றிருந்தது. மறுநாள் புத்தகத்தைப் புரட்டினால் கன்றைப் பற்றிய பாடம் வெறும் எழுத்தாக இருந்தது. கையில் எந்த வாடையும் இல்லை, சோப்பு வாடையைத் தவிர.

எங்கே சேர்வது என்பதில் வீடு மூன்றாகப் பிரிந்தது. உள்ளூரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம் என்றாள் அம்மா. பெருநகரத்துப் பல்கலைக்கழகம் பழையது, பேர் பெற்றது என்றார் அப்பா. பம்பரம் ஏரிக்கரைதான் என்றாள்.

"போன வருஷம் உன்னை வாசல்லயே நிக்க வெச்சாங்களே, அங்கயா?" என்று அம்மா கேட்டாள்.

"அதனாலதாம்மா. எந்தக் கதவைச் சாத்துனாங்களோ அதைத் திறந்துக்கிட்டு உள்ள போகணும்."

அப்பாவின் கால் தரையை அழுத்தியது. "நேர்ல போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணு. ஓட்டிப் பார்க்காம யாராவது வண்டி வாங்குவாங்களா?"

பயிற்சிக் காரிலேயே இருவரும் கிளம்பினார்கள். கூரைமேல் 'கற்றுக்கொள்கிறேன்' என்ற பலகை இருந்ததால் வழியெல்லாம் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். முதலில் பெருநகரம். அங்கே அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலுவலகம் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். மாட்டுக் கொட்டகையைத் தேடிப் போய் நூலகத்தில் நின்றார்கள். பம்பரத்துக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போனார்கள்.

நல்ல உச்சி வெயில். விடுமுறைக் காலம் என்பதால் வளாகம் வெறிச்சோடியிருந்தது. ஏரித் தண்ணீர் தகரம் மாதிரி அசையாமல் கிடந்தது. வாசல் காவலாளி அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல் குறுக்குக் கம்பியைத் தூக்கினார்.

"என்னம்மா, ஊருக்கா போயிருந்த? சொல்லாமப் போனதுல எல்லாரும் பயந்துட்டோம். அப்பாவா? வணக்கம் சார். உங்க பொண்ணு எனக்கு வணக்கம் சொல்லாம ஒருநாள்கூட உள்ள போனதில்ல."

அப்பாவின் கால் அழுத்தியது. இந்தத் தடவை நிஜமான பிரேக். கார் குலுங்கி நின்றது.

"நாங்க இன்னைக்குத்தாங்க முதல் தடவையா வர்றோம்" என்றார் அப்பா.

காவலாளி நல்ல வேடிக்கை கேட்டதுபோலச் சிரித்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

"யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசுறார்" என்றார் அப்பா, வண்டியை நகர்த்திக்கொண்டே.  பம்பரம் வழி காட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் திரும்புங்கள், அந்த மரத்தடியில் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் தான் சொன்னதை உணர்ந்தாள்.

கேன்டீனில் யாரும் இல்லை. டீ போடுகிற அம்மாள் அவளைப் பார்த்ததும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து ஜன்னலோர மூலையில் வைத்தார். "உன் மூலையை யாருக்கும் குடுக்கல" என்றார். பம்பரம் ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவும் குடித்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. மகள் பள்ளி நாளிலிருந்தே சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பாள். அது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒரே சாயல்ல இன்னொரு ஆள் இருக்கக் கூடாதா என்ன?" என்றார் அப்பா. ஆனால் டம்ளரை மகளிடம் திருப்பித் தராமல் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். தடித்த கண்ணாடி. இடது லென்ஸ் கொஞ்சம் விலகிப் பொருத்தப்பட்டிருந்தது. அம்மா பார்த்தால் கையிலேயே வாங்கிச் சரிசெய்திருப்பாள். அந்தக் கண்ணாடிக்காரி பம்பரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று வந்து எதிரில் உட்கார்ந்தாள். 

"போறவ சொல்லிட்டுப் போக மாட்டியா? நான் உன்னை எங்கன்னு தேடுவேன்?"

 அப்பாதான் பேசினார். "அம்மா, நீ யாரையோ நினைச்சுக் கேட்கிற. இவ இங்க இன்னும் சேரவே இல்ல. சேரலாமான்னு பார்க்கத்தான் வந்திருக்கோம்."

"அங்கிள், விளையாடாதீங்க. ஒரு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்தவளை எனக்குத் தெரியாதா?" என்ற அவள், பம்பரத்தின் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு வலது கையையும் பார்த்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போலச் சட்டென்று விட்டுவிட்டாள்.

"தழும்பு எங்க?"

"என்ன தழும்பு?"

"நாய் கடிச்ச தழும்பு. நான்தான் கட்டுப் போட்டேன்... எங்க பம்பரத்துக்கு அது இங்க இருக்கும்."

"யாருக்கு?" என்று அப்பா கேட்டார். 

"பம்பரம்னுதான் நாங்க கூப்பிடுவோம். வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு அவளே சொன்னா."

  பம்பரம் கேட்கக் கேட்க, கண்ணாடிக்காரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். போன வருடம் வகுப்பு தொடங்கிய அன்றே அவள் வந்துவிட்டாள். வருகைப் பதிவில் அவள் பெயர் வராது. கேட்டால், ஆபீஸில் ஏதோ தவறு, சரிசெய்துவிடுவார்கள் என்பாள். விடுதியில் யாருடைய அறையிலாவது தங்கிக்கொள்வாள். செய்முறை வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. மதிப்பெண் போடும்போது மட்டும் அவள் பெயர் விட்டுப்போய்விடும். ஆசிரியர்களுக்கே அது எப்படி என்று புரியாது.

"மழைக்காலத்துல ஒரு பசுவுக்குக் கன்னு திரும்பிக்கிச்சு. முழங்கை வரைக்கும் கையை விட்டு அவதான் வெளிய எடுத்தா. குளம்பை உள்ளங்கையால மூடிப் பிடிச்சுக்கிட்டு... ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்ல. சொல்லு. எப்ப போனா?"

"போன மாசம். ஒரு வெள்ளிக்கிழமை. என் மேலதான் தப்பு. இவ்வளவு நாள் பழகுறோம், உன் வீடு எங்கன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கியான்னு கோபமாக் கேட்டேன். அவ யோசிச்சா. மறைக்கிறவ மாதிரி இல்ல, நிஜமாவே தெரியாதவ மாதிரி யோசிச்சா. அப்புறம் எழுந்து ஏரிப் பக்கமா நடந்து போயிட்டா. தேடினாங்க. தண்ணியிலயும் தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல."

எந்த வெள்ளிக்கிழமை என்று அப்பா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடிக்காரி அவர்களை விலங்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மூன்று கால் நாய் இருந்தது. விபத்தில் ஒரு காலை இழந்து அங்கேயே தங்கிவிட்ட நாய். அந்த இன்னொருத்தியைக் கடித்ததும் அதுதான், பிறகு அவளை விட்டுப் பிரியாமல் இருந்ததும் அதுதான். தூரத்தில் பம்பரத்தைக் கண்டதும் அது ஊளையிட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி, வால் ஒடிந்துவிடுமோ என்கிற மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. பம்பரம் குனிந்து கையை நீட்டினாள். ஒரு சாண் தூரம் இருக்கும்போது நாய் நின்றது. மோந்து பார்த்தது. வால் மெல்லக் கீழே இறங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமலே பின்னால் பின்னால் போய், மூலையில் ஒடுங்கிக்கொண்டு நடுங்கியது.

பம்பரம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அங்கே அவளைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது அந்த நாய் ஒன்றுதான்.

சேர்க்கை அலுவலகத்தில் இருந்த அம்மையார் இதெல்லாம் எதுவும் அறியாதவர். சிரித்த முகமாக வரவேற்றார். "போன வருஷம் காத்திருப்புல முதல் ஆள் நீதானே? பாவம், நூலிழையில போச்சு. இப்ப ஒரு கையெழுத்துப் போட்டா இடம் உன்னோடது" என்று பேனாவை நீட்டினார்.

பம்பரம் பேனாவை வாங்கினாள். ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. அந்த மூலை நாற்காலி, அந்தத் தோழி, காவலாளியின் சிரிப்பு எல்லாம் தைத்து வைத்த சட்டை மாதிரி அவளுக்காகக் காத்திருந்தன. போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"வேண்டாம் மேடம்" என்றாள்.

"என்னம்மா சொல்ற? வேற எங்கயாவது கிடைச்சிருக்கா?"

"கிடைச்சிருக்கு. ஆனா அதனால இல்ல. இங்க என் இடத்துல ஏற்கெனவே ஒருத்தி படிச்சுக்கிட்டு இருக்கா."

அந்த அம்மையார் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

மரத்தடி வரைக்கும் கண்ணாடிக்காரி கூடவே வந்தாள். காரில் ஏறப் போன பம்பரம் திரும்பிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குப் பதில் சொல்லாம எழுந்து போனதுக்கு மன்னிச்சுக்கோ."

"நீ எதுக்குக் கேட்கிற? அது நீ இல்லையே."

"அவ வந்தா கேட்பாளோ மாட்டாளோ. நான் கேட்டுடறேன்."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தன் எண்ணைச் சொல்லி, பம்பரத்தின் எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அப்பா வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பிறகு, "ரொம்பப் பயந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"பயமாவும் இருக்குப்பா. ஆனா அதைவிடப் பொறாமையா இருக்கு. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த வருஷத்துல அவ ஒரு கன்னுக்குட்டியைக் காப்பாத்தியிருக்கா."

பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் அவள் சேர்ந்தாள். முதல் நாளே வழி தெரியாமல் பல்மருத்துவ வகுப்பில் போய் உட்கார்ந்து, முதல் தாடைப் படம் வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள். தன் வீட்டுப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் நடந்துபோய் விடை சொல்ல இப்போது யாரும் இல்லை. எல்லாரையும் போல முட்டி மோதிப் படித்தாள். முதல் செய்முறைத் தேர்வில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் வியர்த்து வழிந்து, தோற்றுப்போனாள். விடுதிக்கு வந்து அழுதாள். அழுது முடித்த பிறகு, அந்தத் தோல்வி முழுக்கத் தன்னுடையது என்று தோன்றியதும் ஒருவிதமான ஆறுதலாக இருந்தது.

வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து கண்ணாடிக்காரியிடமிருந்து போன் வந்தது.

"அவ வந்துட்டா" என்றாள். "இரண்டாம் வருஷ வகுப்பு தொடங்கின அன்னைக்கே, எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்துட்டா. தழும்பு இருக்கு. நாய் அவ காலடியை விட்டு நகரல. உன்னைப் பத்திச் சொன்னேன். சிரிச்சா. அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுன்னுட்டா."

பம்பரம் சுவரில் சாய்ந்துகொண்டாள். தான் வரப்போவது தெரிந்ததும் இடத்தை ஒழித்துக் கொடுத்துவிட்டு அவள் எங்கோ ஒதுங்கி நின்றிருக்கிறாள். தான் வராததால் திரும்பிவிட்டாள். அப்படித்தான் பம்பரம் அதைப் புரிந்துகொண்டாள்.

"நல்லாப் படிக்கிறாளா?"

"ரொம்ப நல்லா. நீ ஒரு தடவை வந்து பாரேன்."

"வேண்டாம்" என்றாள் பம்பரம். "நாங்க ரெண்டு பேரும் எதிரெதிர நின்னா, அப்புறம் யாரு வீட்டுக்குப் போறது?"

அதற்குப் பிறகு பம்பரம் தானாக அவளுக்குப் போன் செய்யவில்லை. ஏரிக்கரைக்காரர்கள் படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் போன பிறகு, அந்த இன்னொருத்தி எங்கே போனாள் என்று கண்ணாடிக்காரிக்கும் தெரியவில்லை. எந்த ஊருக்கும் வேலைக்குப் போனதாகத் தகவல் இல்லை.

பம்பரம் ஒரு சின்ன ஊரில் கால்நடை மருத்துவரானாள். நல்ல மருத்துவர், பேர்போன மருத்துவர் என்றெல்லாம் இல்லை. கை ராசி பரவாயில்லை என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அம்மா காலமான பிறகு, அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு அவளோடு வந்து இருந்தார். மத்தியான வேளையில் மருத்துவமனைக்கு வந்து, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அப்படி ஒரு மத்தியானம் திடீரென்று சொன்னார்.

"நான் அவளைப் பார்த்தேன்."

"யாரைப்பா?"

"நீ ரெண்டாம் வருஷம் படிக்கும்போது. ஒரு வேலையா அந்தப் பக்கம் போனேன். வேலைன்னு சொன்னேன், வேலை ஒண்ணும் இல்ல. பார்க்கணும்னுதான் போனேன்."

பம்பரம் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"ஏரிக்கரையில ஒரு மரத்தடியில உட்கார்ந்திருந்தா. நீதான். அச்சு அசல் நீதான். கிட்டப் போய் நின்னேன். நிமிர்ந்து பார்த்து, யாரைப் பார்க்கணும் சார்னு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா. என் முகத்தைப் பார்த்தா, அவளுக்கு ஒண்ணும் தோணல. என் பொண்ணைப் பார்க்க வந்தேன்னு சொன்னேன். எந்த வகுப்புன்னு கேட்டா. "

"பயமா இருந்துச்சாப்பா?"

"போகும்போது இருந்துச்சு. பார்த்த பிறகு இல்ல. ரொம்ப இளைச்சிருந்தா. கழுத்தெலும்பு தெரிஞ்சுது. அதைத்தான் என்னால தாங்க முடியல. சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். இன்னும் இல்ல சார்னா. கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தேன். எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். உன்னை மாதிரி எதையும் ஒதுக்கி வைக்கல. தட்டைத் துடைச்சு வெச்சா."

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லலையே."

"உங்க அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். கேட்டுட்டு எழுந்து உள்ள போயிட்டா. அப்புறம் நாள்கணக்கா என்னோட பேசல."

"ஏன், அம்மாகிட்ட சொல்லாம நீங்க போனதுக்குக் கோபமா?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி பேசினப்போ, அந்தப் பிள்ளையை அங்க தனியாவா விட்டுட்டு வந்தீங்கன்னு கேட்டா."